கடல் கடந்தவனின் ஊர்



ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் நாவலைப் போர்க்கதையென்று போற்றுவார் பலர். 1942ஆம் ஆண்டிற் சப்பானியப் படை சுமாத்திராத் தீவின் மெடான் நகருட் புகுவதோடு கதை தொடங்குகிறது. கதைத் தலைவன் பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்கிறான். பின்னர் ஒல்லாந்தருக்கு எதிரான கரந்தடிப் போரிலும் இறங்குகிறான். எனினும், அந்நாவலின் உயிர்நிலை துப்பாக்கியில் இல்லை என்பதே என் துணிபு.

பாண்டியன் செட்டியார் வட்டிக்கடையொன்றிற் பணிபுரியச் சென்ற இளைஞன். அக்கடைகளிற் பணியாற்றுவோர் தவணைக் கணக்கிலே போவர். தவணை முடிந்ததும் ஊர் திரும்புவர். (மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராய் இருந்து, ஓய்வூதியத்தோடு யாழ்ப்பாணம் மீண்டவர்களை நம் முன்னோர் நன்கறிவர், அவர்கள் போக்கு வேறு.) தவணைக்குப் போனவன் அயல்நாட்டில் வாழ்வதில்லை, நாள்களை எண்ணுகிறான். போர் வந்து கப்பல் நின்றதும் அந்த எண்ணிக்கை பொருளற்றுப் போயிற்று. அதன் பின்னரே பாண்டியன் நெஞ்சில் ஊர் பெருகுகிறது. பிறந்த சிற்றூரின் சந்தையையும் மதுரையின் தெருக்களையும் கடை கடையாக, ஆள் ஆளாக அவன் நினைந்து செல்லும் பகுதிகளைப் படிப்போர் எளிதில் மறவார். அவன் காணும் ஊரில் எவரும் மூப்பதில்லை. ஒரு கடையும் மூடப்படுவதில்லை.

அவனை வெறும் ஏக்கத்தின் உருவாக ஆசிரியர் படைத்தாரல்லர். பினாங்கிலே மதுக்கிண்ணங்களுக்கு நடுவே தமிழன்பர்கள் நிகழ்த்தும் உரையாடலில், நம் பழம்பெருமைப் பேச்சுகள் யாவும் நகைப்புக்கு உள்ளாகின்றன. தமிழாசிரியர்க்கு அது சற்றே உறைக்கும், உறைத்தலும் நன்றே. ஊரிலிருந்து கொண்டு அவ்வாறு பேசத் துணிவார் அரியர். தொலைவு தந்த உரிமை அது.

குறைகளும் உள. பெண் மாந்தர் நிழல்போல் வந்து மறைகின்றனர். மலாய், சீனம், ஒல்லாந்து முதலிய மொழிச் சொற்கள் இடையிடையே வந்து, பழகாத வாசகரைத் தடுக்கும். ஆயினும் அவற்றைக் களைந்துவிட்டால், எந்த மொழியிலும் முழுமையாக வாழாத அம்மனிதனைக் காண்பது எங்ஙனம்?

ஊர் திரும்பத் துணிந்த வேளையிற் பாண்டியன் சுடப்பட்டு இறக்கிறான்.

சிங்காரமோ திரும்பினார். 1938இல் மெடான் சென்றவர், மனைவியையும் குழந்தையையும் அந்நாட்டு மண்ணுக்கே கொடுத்துவிட்டு, 1946இல் ஊர் மீண்டார். மதுரையிலே ‘தினத்தந்தி’ இதழிற் பணியாற்றினார். மறுமணம் செய்யாது, கிறித்தவ இளைஞர் சங்க விடுதியில் அறையொன்றிலே நெடுங்காலம் தனித்து வாழ்ந்தார். நாவல் கையெழுத்துப் படியாகப் பல்லாண்டு கிடந்து, 1972இலேதான் அச்சேறிற்று. 1997இல் அவர் காலமானபோது, அவரையும் அவர் நூலையும் அறிந்திருந்த வாசகர் மிகச் சிலரே.