பின்னக் கணக்கும் உர மூட்டையும்



இன்று உங்களோடு பின்னக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் பலரையும் மிரள வைத்த பாடம் அது. ஆனால் "அரை ஏக்கருக்கு நாற்று", "முக்கால் மூட்டை யூரியா", "கண்டுமுதலில் பாதி வாரம்" என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் பின்னத்தில்தான் பேசுகிறீர்கள். வாய்ப்பேச்சில் பிசகுவதில்லை. தாளில் எழுதிப் பெருக்கி வகுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அந்தச் சிக்கல் உரச் செலவிலும் பாகப்பிரிவினையிலும் போய் முடிகிறது.

நம் பெரியவர்கள் இதை எளிதாக வைத்திருந்தார்கள். அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம், அதாவது 1/16. இதை மாகாணி என்றும் சொல்வதுண்டு. "முக்காலே மூணு வீசம்" என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? முக்கால் என்பது 16-இல் 12 பங்கு. அதோடு மூன்று வீசம் சேர்ந்தால் 15 பங்கு. முழுமைக்கு ஒரு வீசம்தான் குறைவு. ஏறக்குறைய எல்லாம் என்ற பொருள் அதற்கு வந்தது அதனால்தான்.

இன்னொரு வரிசை, ஒன்றை இருபதாகப் பகுப்பது. இருபதில் ஒரு பங்கு மா. மாவில் கால் காணி. காணியில் கால் முந்திரி, அதாவது 1/320. தஞ்சைப் பகுதியில் நிலத்தை மாக்கணக்கில் சொல்வதும் இதே கணக்குத்தான். வேலியில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா. வேலி 6⅔ ஏக்கர். மா ⅓ ஏக்கர், சுமார் 33 சென்ட்.

இந்தப் பழைய வாய்பாட்டில் ஒரு குறையும் உண்டு. 320-ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். ஆகவே மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால், ஆளுக்கு மூன்றில் ஒன்று என்பதை வீசத்தாலும் முந்திரியாலும் மிச்சமில்லாமல் சொல்ல முடியாது. இன்றைய முறையில் ⅓ என்று எழுதினால் தீர்ந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பது, மொத்தத்தை எத்தனை சம கூறாகப் போட்டோம் என்பது. மேலே இருப்பது, அதில் எத்தனை கூறு எடுத்தோம் என்பது. இவ்வளவுதான் பின்னம்.

இனி, நிலக் கணக்கு ஒன்று பார்ப்போம். 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தில் ⅓ பங்கு உங்களுக்கு வந்திருக்கிறது. பங்காளியிடம் இன்னும் ¼ பங்கு கிரயம் வாங்குகிறீர்கள். மொத்தம் எவ்வளவு? மேலே 1-உம் 1-உம் 2. கீழே 3-உம் 4-உம் 7. ஆக 2/7 என்று கூட்டுகிறவர்கள் உண்டு. சென்ட்டில் போட்டுப் பாருங்கள். 120 சென்ட்டில் 2/7 என்பது 34 சென்ட்டும் சொச்சமும். முன்பே உங்களிடம் இருந்தது 40 சென்ட். பணம் கொடுத்து நிலம் வாங்கியபின் நிலம் குறையுமா?

கூறுகள் ஒரே அளவாக இருந்தால்தான் கூட்டலாம். மூன்றாலும் நான்காலும் வகுபடும் எண் 12. நிலத்தைப் பன்னிரண்டு கூறாக்குங்கள். ⅓ என்பது 4 கூறு, ¼ என்பது 3 கூறு, மொத்தம் 7/12. சென்ட்டில் 40-உம் 30-உம் 70.

பின்னத்தைக் கேட்டதும் "எதில் பங்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். 60 கிலோ உரத்தை அடியுரமாகப் பாதி, பிறகு கால், மறுபடி கால் என்று இடச் சொன்னால், அந்தக் கால் மொத்தத்தில் கால். அதாவது 15 கிலோ. கையிலிருக்கும் மீதி 30 கிலோவில் கால் என்று எடுத்துக்கொண்டால் 7½ கிலோதான் வயலுக்குப் போகும். மிச்சம் வீட்டுத் திண்ணையில் கட்டிதட்டிக் கிடக்கும்.

சரி, யூரியாவுக்கு வருவோம். குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரையை எடுத்துக்கொள்வோம். மண் பரிசோதனை செய்தவர்கள் தங்கள் அட்டையில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஹெக்டேர் சுமார் 2½ ஏக்கர். ஆகவே ஏக்கர் என்பது ஹெக்டேரில் 2/5. 120-ஐ ஐந்தால் வகுத்தால் 24. அதை இரண்டால் பெருக்கினால் 48. ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து.

இது சத்தின் எடை. யூரியாவின் எடை அல்ல. 100 கிலோ யூரியாவில் 46 கிலோதான் தழைச்சத்து. இங்கேதான் பலர் 48-ஐ 46/100-ஆல் பெருக்கி 22 கிலோ யூரியா என்று விடை சொல்லிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். யூரியாவில் பாதிக்கும் குறைவாகவே சத்து இருக்கிறது. அப்படியானால் வேண்டிய சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் யூரியா வேண்டாமா? 22 கிலோ எப்படிச் சரியாகும்? இங்கே வகுக்க வேண்டும். பின்னத்தால் வகுப்பது என்றால் அதைத் தலைகீழாக்கிப் பெருக்குவது. 48 × 100/46 = சுமார் 104 கிலோ. அடியுரமாக டிஏபி போடுகிறவர்கள், 50 கிலோ டிஏபி மூட்டையில் 18/100 பங்கு, அதாவது 9 கிலோ தழைச்சத்து இருப்பதை முதலில் 48-இல் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போட வேண்டும். அதை மறந்தால் தழைச்சத்து மிஞ்சி, பயிர் கரும்பச்சையாகக் கொழுத்துப் பின்னால் சாயும், பூச்சியும் கூடும்.

டிஏபி போடாதவர்களுக்கு ஏக்கருக்கு 104 கிலோ யூரியா. அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் நான்கு சம பாகமாக இட்டால் தடவைக்கு 26 கிலோ. முக்கால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு 19½ கிலோ. ஒரு மா நிலத்துக்கு மூன்றில் ஒன்று, 8⅔ கிலோ. தராசில் 8 கிலோ 650 கிராம் நிறுத்தால் போதும்.

"தராசு எதற்கு? ஏக்கருக்குத் தடவைக்கு அரை மூட்டை, அதுதானே வழக்கம்!" என்பீர்கள். வழக்கம் சரிதான், மூட்டைதான் மாறிவிட்டது. முன்பு யூரியா மூட்டை 50 கிலோ. அரை மூட்டை 25 கிலோ, நம் கணக்கை ஒட்டியே வந்தது. 2018 முதல் மூட்டை 45 கிலோ. அரை மூட்டை இப்போது 22½ கிலோ. நான்கு தடவையிலும் அரை மூட்டை இட்டால் 90 கிலோதான் ஆகும். 14 கிலோ குறையும். அந்த 14 கிலோவில் உள்ள தழைச்சத்து சுமார் 6½ கிலோ. ஆகவே இனித் தடவைக்கு அரை மூட்டையும், அதற்கு மேல் 3½ கிலோவும் எடுத்து வையுங்கள். கால் மூட்டை என்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அது இப்போது 12½ கிலோ அல்ல, 11¼ கிலோ.