பிள்ளைகளின் தலைச்சுற்றலும் நோன்பும்

 

தசலட்சண நாள்களில் பெரியோரைக் கண்டு பிள்ளைகளும் உபவாசம் இருக்க விழைகின்றனர். அவ்விழைவு போற்றத்தக்கது. ஆயினும், தலை சுற்றும்போது, நோன்பு கலைக்கப்படுமோ என்றஞ்சிச் சில பிள்ளைகள் அதனை மறைத்துவிடுகின்றனர். சொன்னாலும், பசி மயக்கம் என்று வீட்டார் விட்டுவிடுவதுண்டு. இரண்டும் தீங்கே.

தலைச்சுற்றல் நோயன்று, பல காரணங்களின் அறிகுறி. கண் இருண்டு மயக்கம் வருவது போலிருக்கிறதா, சுற்றியுள்ளவை சுழல்வது போலிருக்கிறதா என்று முதலில் பிள்ளையிடம் வினவுதல் வேண்டும்.

கண் இருளுவதற்குப் பெரும்பாலும் நீர்க்குறைவும் வெறும் வயிறுமே காரணம். கதிரவன் மறையுமுன் உண்பது சமண நெறி. மாலை 6 மணிக்கு உண்ட பிள்ளை காலையுணவின்றிப் பள்ளி சென்றால், 9 மணி வழிபாட்டுக் கூட்டத்தில் 15 மணி நேரம் உண்ணாத வயிற்றுடன் நிற்கிறது. நெடுநேரம் நிற்கையில் குருதி கால்களில் தேங்க, மூளைக்குச் செல்வது குறைந்து பிள்ளை சாய்கிறது. எனவே காலையுணவும் நீரும் தவறலாகாது.

இரத்தசோகையும் ஒரு காரணம். புலால் உண்ணாதோர்க்குப் பி12 உயிர்ச்சத்து பால், தயிர், மோரிலிருந்தே பெரிதும் கிடைக்கிறது. இரும்புச்சத்திற்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு ஆகியன உதவும். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அச்சத்து நன்கு உடலில் சேரும். சோர்வும் வெளிறிய முகமும் தொடர்ந்தால் குருதிப் பரிசோதனை தேவை.

பொருள்கள் சுழல்வதாகச் சொன்னால் உட்செவிக் கோளாறோ ஒற்றைத் தலைவலியோ இருக்கலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தை திடீரென அஞ்சித் தாயைப் பற்றிக்கொண்டு, சில நிமிடங்களில் இயல்பாவதும் இவ்வகையாகலாம்.

மயக்கம் வந்தால் பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துக. நினைவு தெளியுமுன் நீர் புகட்டலாகாது. ஓடும்போது மயங்கி விழுதல், நெஞ்சு வலி, படபடப்பு, காலையில் தலைவலியுடன் வாந்தி, நடை தள்ளாடுதல், தலையில் அடிபட்டபின் சுற்றல், மிகுந்த தாகத்துடன் அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் உடனே மருத்துவரை நாடுக.

தத்துவார்த்த சூத்திரம் கூறும் பதினாறு பாவனைகளுள் தவம், ஆற்றலுக்கேற்ப இயற்றுவதாகவே வைக்கப்பட்டுள்ளது. வளரும் உடலின் ஆற்றல் சிறிது. ஒருவேளை இனிப்பை விடுதல், ஒரு நாழிகை மௌனம் காத்தல், சுவாத்தியாயம் செய்தல் ஆகியனவும் பிள்ளைகளுக்கு உரிய நோன்புகளே. தலை சுற்றுகிறது என்று அச்சமின்றிச் சொல்லும் பிள்ளை நோன்பில் தோற்றதன்று. அதனைச் செவிமடுத்தலே இல்லத்தில் தொடங்கும் அகிம்சை.

அறம் வளர்க!