மழலையர் பள்ளியும் மாறும் ஆசிரியரும்

(வேலப்பன்சாவடியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாளன்று வேலப்பன்சாவடியில் ஏதேனும் ஒரு மழலையர் பள்ளியின் வாயிலில் சற்று நேரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஏப்ரல் மாதம் வரை சிரித்தபடி வகுப்புக்குள் ஓடிய நான்கு வயதுக் குழந்தை அன்று வாயிற்படியிலேயே நின்றுவிடும். உள்ளே எட்டிப் பார்க்கும். தேடிய முகம் தென்படாது. "மிஸ் எங்கே?" என்று கேட்கும். "அவங்க இனிமே வரமாட்டாங்க, இவங்கதான் புது மிஸ்" என்று யாரோ ஒருவர் விடை சொல்வார். அதன்பின் எழும் அழுகையைப் புது வகுப்பின் அச்சம் என்று பெரியோர் எண்ணிக்கொள்வர். அது பெரும்பாலும் பிரிவின் அழுகை. தனக்குச் சொல்லாமல் ஒருவர் போய்விட்டார் என்பதைக் குழந்தை அன்றுதான் அறிகிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் இங்கே உள்ளன. அருகே திருவேற்காடு, சற்றே தொலைவில் ஆவடியும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும். வேலையை நாடி வந்து வாடகை வீட்டில் குடியிருப்போர் மிகுதி. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த சமணக் குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிடுகின்றனர். ஆகவே, பெற்றோருக்கு அடுத்தபடியாகக் குழந்தை நம்பிக் கைப்பிடிக்கும் முதற்பெரியவர் மழலையர் பள்ளி ஆசிரியையே ஆகிறார்.

அந்த ஆசிரியையும் இதே சூழலில் வாழ்பவரே. திருமணம், மகப்பேறு, கணவரின் பணிமாற்றம், மாமியாரின் உடல்நலக் குறைவு, பி.எட். முடித்தபின் பெரிய பள்ளியில் கிடைக்கும் இடம், மாதம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் ஊதியம் என அவர் விலகுவதற்குரிய காரணங்கள் பல. இவற்றுள் ஒன்றேனும் பழிக்கத்தக்கது அன்று. ஆசிரியர் மாற்றத்தைத் தடுத்து நிறுத்துவது எந்த நிர்வாகத்தாலும் இயலாது. அதனைக் குழந்தைக்குத் துன்பம் குறைந்ததாக ஆக்குவது இயலும். அது நிர்வாகத்தின் கடமையும் ஆகும்.

ஆசிரியை செல்லும்போது அவருடன் எது செல்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பாடத்திட்டம் பள்ளியிலேயே இருக்கிறது, புத்தகங்களும் இருக்கின்றன. ஆயினும், எந்தக் குழந்தை இடக்கையால் எழுதும், எது கழிவறைக்குச் செல்லக் கேட்கக் கூசும், தம்பி பிறந்தபின் எது பேச்சைக் குறைத்துக்கொண்டது, பிறந்தநாள் கேக்கில் முட்டை உண்டா என்று விசாரித்த பின்னரே எந்தக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பன எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவை ஒருவருடைய நினைவில் மட்டும் இருக்கின்றன. அவர் மே மாதத்தில் விலகினால் ஓராண்டு உழைப்பில் சேர்த்த அந்த அறிவும் உடன் விலகிவிடுகிறது. புதியவர் ஜூன் மாதத்தில் முதலிலிருந்து தொடங்குகிறார். குழந்தையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாகிறது.

சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் இயற்றிய சமண முனிவர் பவணந்தி, நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமை காட்டினார். ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கைக் காட்டினார். முடத்தெங்கு என்பது வளைந்த தென்னை. நீர் ஊற்றியவர் ஒருவர். காய் விழுவதோ மற்றொருவர் தோட்டத்தில். இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஆசிரியை அடுத்த தெருப் பள்ளிக்குச் சென்றுவிட்டால் தாளாளர் மனத்தில் எழும் குறை இதுவே. ஆனால் நிலத்தைப் பற்றி அதே முனிவர் கூறியதையும் உடன்வைத்து நோக்க வேண்டும். உழுபவர் பருவத்தில் செய்யும் முயற்சியின் அளவுக்கே நிலம் பயன் தரும் என்பது அவர் கருத்து. தென்னை ஏன் வேலிக்கு அப்பால் வளைந்தது என்று கேட்பவர், வேலிக்கு உள்ளே அதற்கு வெயில் கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும்.

அண்மைக் காலத் தமிழகத்தில் இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுக் குழந்தைகளுக்கும் மழலையர் கல்வி கிடைக்கச் செய்த நன்முயற்சி அது. அவ்வகுப்புகளுக்கு, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் மாற்றப்பெற்றனர். தொடக்க வகுப்புகளுக்கெனப் பயிற்சி பெற்ற தங்களை மழலையர்க்கு அனுப்புவது முறையன்று என்று அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் தேவை எழுந்தபோது அவர்கள் திரும்ப அழைக்கப்பெற்றனர். மழலையர் வகுப்புகள் தொடருமா என்ற ஐயம் பெற்றோரிடையே பரவியது. எதிர்ப்பு எழுந்தபின் வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை நியமிக்க முடிவாயிற்று.

இதில் எவரையும் குறை கூறுவது இங்கே நோக்கமன்று. உபரி, பற்றாக்குறை என்னும் இரண்டு எண்களைக் கொண்டு மட்டும் ஆசிரியரை இடம் மாற்றினால், கணக்கு நேராகும். குழந்தையின் உலகம் நேராகாது. பயிற்சி இல்லாத இடத்துக்கு அனுப்பப்படுபவர் மனம் ஒட்டுவதில்லை. நிலையற்ற குறைந்த ஊதியத்தில் அமர்த்தப்படுபவர், வேறு வாய்ப்பு வந்தால் செல்லாமல் இருப்பது அரிது. மாநிலம் தழுவிய ஏற்பாட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை மூன்று அறைகளில் நடக்கும் சிறிய பள்ளிக்கும் அப்படியே பொருந்தும்.

மழலையர் பள்ளி என்ற அமைப்பு தோன்றிய காலத்திலேயே இச்சிக்கலும் தோன்றிவிட்டது. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஊரில் நூற்பாலை நடத்திய ராபர்ட் ஓவன், 1816-இல் தம் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். குழந்தைகளிடம் பொறுமையுள்ள ஒரு கைத்தறி நெசவாளரை, ஜேம்ஸ் புக்கானன் என்பவரை, ஆசிரியராக அமர்த்தினார். மாலி யங் என்னும் இளம்பெண்ணை உடன் நியமித்தார். சில ஆண்டுகளில் புக்கானன் லண்டனில் புதிய பள்ளி நடத்தச் சென்றார். நியூ லானார்க் பள்ளி தொடர்ந்து நடந்தது. லண்டன் பள்ளியிலோ பழைய முறையும் கனிவும் அமையவில்லை என்று ஓவன் தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்தி எழுதினார். நல்ல ஆசிரியர் ஒருவர் மட்டும் பள்ளி ஆகிவிடுவதில்லை. அவரைத் தாங்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

1939-இல் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறையில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரே அறையில் சேர்ந்திருப்பர். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியினரே புதியவர். மற்றவர்க்கு அறையின் வழக்கங்கள் தெரியும். ஆசிரியை மாறினும் எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கும், எடுத்ததை எங்கே திரும்ப வைப்பது என்பதைக் குழந்தைகளே புதியவருக்குக் காட்டிவிடுவர். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகர மழலையர் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்கள் அதே குழந்தைகளுடன் மூன்றாண்டு தொடர்கின்றனர். இவ்விரண்டு முறைகளிலும் ஒரு பொதுமை உண்டு. குழந்தையைச் சுற்றியுள்ள அனைத்தும் ஒரே நாளில் மாறுவதில்லை.

இவற்றைக் கொண்டு இப்பகுதிப் பள்ளிகள் செய்யத்தக்கவை சில.

முதலாவது, ஓர் அறையில் குழந்தை அறிந்த முகம் எப்போதும் இரண்டு இருத்தல் வேண்டும். 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்பது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். பல பள்ளிகளில் நீண்டகாலம் இருப்பவர் ஆயா அம்மாவே. ஆசிரியை மாறும் பருவத்தில் ஆயாவையும் வேறு வகுப்புக்கு மாற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அழும் குழந்தை முதலில் ஓடுவது அவரிடமே.

இரண்டாவது, செல்பவரும் வருபவரும் ஒருசேர அறையில் இருக்கும் நாள்கள் வேண்டும். இரண்டு வாரம் போதும். முதல் வாரம் புதியவர் ஓரமாக அமர்ந்து பார்க்கட்டும். இரண்டாம் வாரம் பழையவர் ஓரமாக அமரட்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் வீதம் ஒரு குறிப்பேடு எழுதிக் கையளிக்கட்டும். மதிப்பெண் அதில் வேண்டா. எதற்கு அழும், எதனால் அமைதியாகும், யாருடன் விளையாடும் என்பவை போதும்.

மூன்றாவது, குழந்தையிடம் மறைத்தல் கூடாது. விடைபெறும் நாளில் ஆசிரியை தாமே, "திங்கட்கிழமையிலிருந்து கமலா மிஸ் வருவாங்க, உன் பாட்டு அவங்களுக்கும் தெரியும்" என்று சொல்லிச் செல்வது நன்று. குழந்தை அழலாம். சொல்லிச் சென்றவரைப் பற்றிய அழுகை விரைவில் ஆறும். பெற்றோர்க்கும் அந்த வாரமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாயிற்காவலர் வழியாக அவர்கள் அறிதல் முறையன்று.

நான்காவது, புதிய ஆசிரியை முதல் மாதத்தில் பாட்டு, உண்ணும் நேரம், அமரும் இடம் ஆகியவற்றை மாற்றாதிருக்கட்டும். அவருடைய புதிய கருத்துகளுக்கு ஆண்டு முழுவதும் இடம் உண்டு.

ஐந்தாவது, முன்னரே தெரியும் மாற்றத்துக்கு முன்னரே ஆயத்தம் செய்தல். மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி 2017-இல் சட்டம் திருத்தப்பெற்றது. கருவுற்ற செய்தியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று ஓர் ஆசிரியை அஞ்சும் பள்ளியில் அச்செய்தி கடைசி மாதத்தில்தான் வெளிவரும். அஞ்சாமல் சொல்லும் பள்ளிக்கோ மாற்று ஏற்பாடு செய்ய நான்கைந்து மாதம் கிடைக்கும். தனியார் பள்ளி ஆசிரியர்க்கும் பணிக்கொடை உண்டு என்னும் சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதி செய்தது. இவற்றைச் சுமையாகக் கருதாமல் நிலைத்திருக்கச் செய்யும் உரமாகக் கருதும் நிர்வாகமே ஆசிரியரைத் தக்கவைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பொருள் எங்கே என்ற கேள்வி எழும். அது நேர்மையான கேள்வி. கட்டணத்தை உயர்த்தினால் ஏழைப் பெற்றோர் விலகுவர். உயர்த்தாவிடில் ஆசிரியர் விலகுவர். இவ்விடத்தில்தான் அறக்கட்டளைகளுக்குப் பணி இருக்கிறது.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் கல்விதானம் சமணர்க்குப் புதியதன்று. முனிவர் உறைவிடத்துக்குக் கல்வெட்டுகள் வழங்கும் 'பள்ளி' என்னும் பெயரே இன்று கல்விக்கூடத்தின் பெயராக நிற்கிறது. ஆயினும், வகுப்பறை கட்டக் கேட்டால் கொடுப்போர் பலர். சுவரில் பெயர் பொறித்த கல் அமையும். ஊதியத்துக்குக் கேட்டால் தயக்கம் வருகிறது. ஊதியத்தில் பெயர் பொறிக்க இடமில்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஆசிரியையின் மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று கொள்வோர்க்கு, இருவர் ஒருசேர இருக்கும் இரண்டு வாரத்தின் கூடுதற்செலவு ஏறத்தாழ 7,500 ரூபாய். ஆண்டில் மூவர் மாறினாலும் 22,500 ரூபாய். ஒரு குடும்ப விழாவின் பந்தற்செலவுக்குள் அடங்கும் தொகை அது. இதற்கென ஒரு வைப்புநிதி அமைத்து, அதன் வட்டியில் கையளிப்பு வாரங்களையும் விடுப்புக்கால மாற்று ஆசிரியர் ஊதியத்தையும் ஈடுசெய்யலாம். நிதி வளர்ந்தால் ஆண்டுதோறும் ஊதிய உயர்வுக்கும் ஒரு பங்கு அளிக்கலாம். குறுந்தொகையை மாதந்தோறும் வழங்க முன்வரும் பத்துக் குடும்பங்கள் இருந்தாலே இதனைத் தொடங்கிவிடலாம்.

கட்டடக் கல்லில் பெயர் நூறாண்டு நிற்கும். இந்த நிதியை அளித்தவர் பெயரைக் குழந்தை ஒருபோதும் அறியாது. ஆனால் அடுத்த ஜூன் மாதத்தில் அது பள்ளி வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும்போது, ஏப்ரலிலேயே தன்னோடு அமர்ந்து பாட்டுப் பாடிய புதிய ஆசிரியையும், பழகிய ஆயா அம்மாவும் கண்ணுக்குத் தெரிவார்கள். தாயின் கையை விட்டுவிட்டு அது உள்ளே செல்லும்.