ஈப்போவிலிருந்து சென்னை எத்தனை மணி நேரம்?



நம் முன்னோர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் காத்திருந்து, கப்பலேறிப் பினாங்கு வந்திறங்கினர். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வின் பெயரைக் கேட்டிராத குடும்பம் பேராக் தோட்டங்களில் அரிது. எழுபதுகளில் அதன் இடத்திற்கு வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. கப்பற் பயணமும் அத்துடன் முடிவுற்றது. ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கழிந்த அப்பயணத்திற்கு இன்று விமானத்தில் நான்கு மணி நேரமே போதும் என்கிறோம்.

அக்கணக்கு விமானத்திற்குச் சரி, நமக்குச் சரியா?

கோலாலம்பூரிலிருந்து சென்னை வான்வழியே சுமார் 2,600 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணிக்குச் சற்று மேல் ஆகும். எழும்பவும் இறங்கவும் ஓடுதளத்தில் காத்திருக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கு மணியை நெருங்கும். திருச்சிராப்பள்ளிக்குத் தொலைவு சற்றுக் கூடுதல். ஆயினும் நாமக்கல், கரூர் பக்கம் உறவினர் உள்ளவர்கள் திருச்சியில் இறங்குவதே அறிவுடைமை. சென்னையிலிருந்து மேலும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைப் பயணம் மிச்சமாகும்.

பயணச் சீட்டிலுள்ள நேரம் பலரைக் குழப்புகிறது. காலை 9.00 மணிக்குப் புறப்பட்டுச் சென்னையில் 10.30-க்கு இறங்குவதாக அச்சிட்டிருக்கும். திரும்பும்போது இரவு 11.00-க்குப் புறப்பட்டு மறுநாள் 5.30-க்கு வரும். போகையில் ஒன்றரை மணி, வருகையில் ஆறரை மணியா? இரண்டும் நான்கே மணிதான். அந்தந்த ஊர்க் கடிகாரத்தையே சீட்டில் குறிக்கின்றனர். நம் கடிகாரம் இந்தியாவினும் இரண்டரை மணி முந்தியது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பக் கடிகாரம் அரைமணி முன்னே நகர்த்தப்படும்வரை இவ்வேறுபாடு இரண்டு மணியாக இருந்தது. முதியோர் சிலர் இன்றும் அக்கணக்கையே சொல்வர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை அதிகாலை 12.30 என்று சீட்டில் இருந்தால், வெள்ளி இரவு 9.30-க்கே நிலையத்தில் இருத்தல் வேண்டும். சனி இரவு பெட்டியுடன் போய் நின்றால் பணமும் போகும், பயணமும் போகும்.

சுங்கை சிப்புட்டில் வாழும் ஒருவருக்குக் காலை ஆறு மணிக்குத் தமிழகத்திலிருந்து சாவுச் செய்தி வருகிறது எனக் கொள்வோம். ஈப்போ சேர்ந்து, இரண்டரை மணி இரயிலில் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து சிப்பாங் விமான நிலையம் அடைய, காத்திருத்தலையும் சேர்த்து ஐந்து மணி. விமானத்திற்கு முன் மூன்று மணி, பறக்க நான்கு, குடிநுழைவுச் சோதனைக்கு ஒன்று. ஏற்ற நேரத்தில் விமானமும் இடமும் கிடைத்தால்கூடச் சென்னை நிலையத்தின் வாயிலுக்கு வரும்போது அங்கே மாலை 4.30. கிராமம் அதற்கும் அப்பால்.

ஆகவே அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் சேர இயலாது. சடலத்தை மறுநாள்வரை வைத்திருப்பதா, காத்திராமல் காரியத்தை முடிப்பதா என்பதை அங்குள்ளோர் தீர்மானிக்க வேண்டும். “இதோ வந்துவிடுகிறேன்” என்று தொலைபேசியில் சொல்லி வீட்டாரை வாசலில் காக்க வைப்பதினும், “நாளைக் காலையில்தான் வர முடியும்” என்று உள்ளதைச் சொல்வது அவர்களுக்கு உதவி.

இவ்வளவும் கடப்பிதழும் விசாவும் கையில் இருந்தால்தான். வயது முதிர்ந்த பெற்றோரோ உடன்பிறந்தோரோ அங்கே உள்ளவர்கள், கடப்பிதழின் காலாவதி நாளை இன்றிரவே எடுத்துப் பார்க்கட்டும். ஆறு மாதத்திற்குக் குறைவாக இருப்பின், அடுத்த ஓய்வு நாளுக்குக் காத்திராமல் புதுப்பித்துக்கொள்ளட்டும்.