மலைக்கு ஏறும்போது
(வானொலி மறையுரை)



முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பட்டுக்கோட்டையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேன் பேசும் காலம் இது. வெயிலில் வாடிய உடம்புக்கு மலைக்காற்று வேண்டும்தான். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அன்று மாலை நம் ஆண்டவரும் மலைக்குத்தான் ஏறினார். ஆனால் மத்தேயு சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மக்களை அனுப்பிவைத்தார். பிறகு தனியே ஏறினார். நாமோ கூட்டத்தையும் பாட்டுப்பெட்டியையும் பிரியாணிப் பொட்டலத்தையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகிறோம்.

ஊட்டிக்கு மேற்கே முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். 1990இல் தேசியப் பூங்கா ஆனது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே காலடி வைக்க முடியாது. அங்கே கடைத்தெரு இல்லை, படகுச் சவாரி இல்லை. பள்ளங்களில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைக்காடு; மேடெல்லாம் வெறும் புல். டெல்டாக்காரர்களாகிய நமக்குப் புல் என்றால் மாட்டுக்குத்தான். ஆங்கிலேயர்களும் அதைத் தரிசு என்றே எண்ணி, சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். அந்தச் சீகை பரவிப் புல்வெளியை விழுங்கியதை இன்று வனத்துறை வெட்டிக் களைய வேண்டியிருக்கிறது.

அந்தப் புல்லுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மழையை வாங்கி, வேரிலும் பாசியிலும் உதிர்ந்த இலைகளிலும் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். முக்குருத்தி மலையில் பிறக்கும் பைக்காரா, மாயாறாகி, பவானிசாகரில் சேர்ந்து, பவானிக் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அது மேட்டூருக்குக் கீழே. அங்கிருந்து முக்கொம்பு, கல்லணை. பிறகு 1934இல் திறந்த கல்லணைக் கால்வாய், நாம் புதாறு என்று சொல்கிறோமே அது. நமக்கு வரும் நீரில் பெரும்பங்கு மேட்டூரிலிருந்துதான், உண்மை. ஆனால் கடைமடையில் முறைத் தண்ணீருக்கு இரவெல்லாம் மண்வெட்டியோடு காத்திருந்தவர்களைக் கேளுங்கள். வந்து சேரும் ஒரு சாண் தண்ணீரில் எந்த மலையின் பங்கையும் அவர்கள் சிறிதென்று சொல்லமாட்டார்கள்.

வரையாடு வாழ்வதும் அந்தப் புல்வெளியில்தான். நம் மாநில விலங்கு அது. 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதிலும் 1,031தான் இருந்தன. நம் ஊர்த் தேர்த்திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. திருப்பாடல் 104ஐ இன்று இரவு குடும்பமாக வாசித்துப் பாருங்கள். உயர்ந்த மலைகள் யாருக்கு வீடு என்று அது சொல்கிறது. நமக்கு என்று சொல்லவில்லை.

ஆகவே விருந்தாளியாகப் போவோம். காட்டில் நடக்க ஆசைப்படும் இளையோருக்கு, 2024 முதல் வனத்துறையே வழிகாட்டியோடு மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச்சாவடியில் பிடுங்குகிறார்களே என்று முணுமுணுக்காமல் வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜாவில் கொண்டுபோகலாம். வழிகாட்டி பேசாதே என்றால் பேசாதிருக்கலாம். நம்மில் சிலருக்கு அதுதான் செங்குத்தான ஏற்றம்!

அந்தக் காட்டுக்குள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். மழையிலும் உறைபனியிலும் காட்டு முகாமில் தங்கி, குடும்பத்தைப் பிரிந்து, குறைந்த சம்பளத்தில் அதைக் காக்கிறவர்கள். அவர்களுக்காக இப்போது ஒரு நிமிடம் மௌனமாகச் செபிப்போம்.