சிகாமட்டில் நடந்து வந்தவர்

'துப்பாக்கி இல்லாத பாதுகாப்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எழுதி வந்த குறிப்பு சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் ஏழெட்டாயிரம் பேர். எதிரே வெள்ளைக்காரப் பட்டாளம், கூர்க்கா, ஆகாயத்தில் குண்டு விமானம். ஆனாலும் பன்னிரண்டு வருஷம் இழுத்தது! ஜொகூரும் பேராவும்தான் கடைசி வரை தலைவலி. எப்படி முடிந்தது தெரியுமா? 1958 ஏப்ரல். தென் மலாயாக் காட்டுப் படைக்கே தலைவர் ஹோர் லுங், சிகாமட் பக்கம் ஒரு போலீஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். யாரும் பிடிக்கவில்லை ஐயா, தானே நடந்து வந்தார்! போலீஸ் வெளியே மூச்சு விடவில்லை. பணம் தருகிறோம், உன் ஆட்களையும் கூட்டி வா என்றது. பேசிப் பேசியே நூற்றைம்பது பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். கை தட்டுங்கள், தட்டலாம்!

அவர்களை வெளியே தள்ளியது பசி. கடையில் தகர டின் விற்றால் அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும், காட்டுக்குப் போனால் கெட்டுப்போகட்டும் என்று. அரிசியைப் பொது அடுப்பில் ஆக்கிச் சோறாகத்தான் தருவார்கள். விடிகாலையில் பால்வெட்டப் போகிற நம் பெண்களை வாசலில் நிறுத்தி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், சைக்கிள் குழாய்க்குள் அரிசி இருக்கிறதா என்று குடைந்தார்கள். அதைவிடப் பெரிய அடி 1957. மெர்டேகா வந்த பிறகு வெள்ளைக்காரனை விரட்டுகிறோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்காக வெள்ளைக்காரனுக்கு நான் மாலை போடவில்லை. தொழிற்சங்கம் நடத்திய கணபதியை 1949இல் தூக்கில் போட்டவன் அவன். இங்கே கிராமங்களைச் சுற்றிப் போட்ட கம்பி வேலியைக் கென்யாவுக்கும் கொண்டுபோனான். நிலம் கேட்டுப் போராடிய மக்களை லட்சக்கணக்கில் வேலிக்குள் அடைத்தான்.

நிலம் என்றதும் எனக்குக் கொதிக்கிறது. ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். அங்கே இன்று வீடு, கடை, பள்ளி. நன்றாக இருக்கட்டும், சீன நண்பர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தோட்டத்து ஆட்களையும் லட்சக்கணக்கில் ஒரே இடத்தில் கூட்டி வேலி போட்டார்களே, நமக்கு என்ன மிஞ்சியது? லயம். அதுவும் துரையின் லயம்! தோட்டம் கைமாறியதும் சட்டி பானையோடு சாலைக்கு வந்தோம். தோட்டங்களை நாமே வாங்கத் துன் சம்பந்தன் 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அதைவிடப் பெரிய பாதுகாப்புப் படை எது, சொல்லுங்கள்!

நிலம் போலக் குடியுரிமையும் ஒரு பாதுகாப்புதானே, அதற்கு ஒரு வாத்தியாரைச் சொல்லியாக வேண்டும். பேர் சொன்னால் முன்வரிசையில் இருக்கும் அவர் மகன் என்னைத் திட்டுவார். மெர்டேகாவுக்குப் பிறகு ஒரு வருஷம், மலாய்ப் பரீட்சை இல்லாமலே குடியுரிமைக்கு எழுதிப் போடலாம் என்றிருந்தது. பள்ளி விட்டதும் அந்த மனுஷன் லயத்து வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு உட்காருவார். வயசு தெரியாத கிழவிகளிடம் 'ஜப்பான்காரன் வந்தப்போ உன் மூத்தவனுக்கு எத்தனை வயசும்மா?' என்று கேட்டுக் கேட்டுக் கணக்குப் போடுவார்.

இப்போதும் சில தலைவர்கள் இருக்கிறார்கள். பாரம் நிரப்ப ஆள் வேண்டும் என்றால் போனை எடுப்பதில்லை. பொன்னாடை என்றால் மூன்று கார் வருகிறது! சிரிக்காதீர்கள், அதில் ஒருவர் போன வாரம் இதே மண்டபத்தில்... வேண்டாம், அவைத்தலைவர் முறைக்கிறார். அந்த வாத்தியாருக்கு ஒரு துண்டாவது போட்டார்களா? ஒரு சாலைக்காவது பேர் வைத்தார்களா?

மணி அடிக்கிறார்கள், அடிக்கட்டும். வீட்டில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு யாராவது இருந்தால், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால், யாரும் எழுந்து போகாதீர்கள். பின்னால் வலது பக்கம் மேசை போட்டிருக்கிறோம், இரண்டு வக்கீல் தங்கைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாசி லெமாக் அப்புறம். முதலில் பாட்டிகள் வாருங்கள்.