பகைவரோடு ஓர் ஆட்டம்



இன்றைய நற்செய்தியில் (மத்தேயு 5:38-48) ஆண்டவர் பகைவரையும் அன்பு செய்யச் சொல்கிறார். கேட்கும்போது தலையாட்டுகிறோம். ஆனால் அதை எங்கிருந்து தொடங்குவது? யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதை விளையாட்டு மைதானத்திலிருந்து தொடங்க முயன்றார்.

அங்கே பெரிய பள்ளிக்கூடங்களையும் கல்லூரி என்பார்கள். ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1823-இல் தொடங்கிய சென் ஜோன்ஸ் கல்லூரியும், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட் ஆடி வருகின்றன. அந்தப் போட்டிக்கு 'வடக்கின் போர்' என்று பெயர். விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆனால் 1980-களில் உண்மையான போரே வந்துவிட்டது. சில ஆண்டுகள் போட்டி நடக்கவில்லை. பந்து பிடித்த பிள்ளைகளில் சிலர் துப்பாக்கி பிடிக்கப் போனார்கள். பலர் நாட்டை விட்டே போனார்கள்.

1985 ஜூன் மாதம் சிறிது காலம் போர் நிறுத்தம் வந்தது. அப்போது சென் ஜோன்ஸ் கல்லூரியின் அதிபராக இருந்தவர் சி. இ. ஆனந்தராஜன். மாணவர்களும் ராணுவத்தினரும் சேர்ந்து கிரிக்கெட் ஆட அவர் ஏற்பாடு செய்தார். ஜூன் 26 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆட்டமே காரணம் என்றும், சுட்டவர்கள் தமிழ் ஆயுதக் குழுவினரே என்றும் சொல்லப்படுகிறது.

ஓர் ஆட்டத்தைக் கண்டு ஏன் இவ்வளவு அச்சம்? போருக்கு எதிரி இல்லாமல் போக வேண்டும். ஆட்டத்துக்கோ எதிரணி வந்தே ஆக வேண்டும். இருவருக்கும் ஒரே விதி, ஒரே நடுவர், ஒரே வெயில். ஒரு பகல் முழுதும் கூட ஆடியவனை மறுநாள் வெறும் பகைவனாகப் பார்க்க நம்மால் முடியாது. அவனுக்கும் முகம் வந்துவிடுகிறது. நல்லவர்மேலும் தீயவர்மேலும் ஒரே கதிரவனை உதிக்கச் செய்யும் வானகத் தந்தையின் பார்வை அதுவே.

நம் கொல்லிமலையும் போரை அறிந்த மலை. வல்வில் ஓரி மலையமான் காரியோடு போரிட்டு மாண்டார். இன்று செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாத ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது. அன்று ஆளைக் கொன்ற அம்பு இன்று பலகையில் பாய்கிறது; சுற்றி நின்று கை தட்டுகிறோம்.

ஆனால் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? கபடிப் போட்டியில் தொடங்கிய தகராறு இரண்டு ஊர்களுக்குப் பகையாகிவிடுகிறது. வரப்புச் சண்டையால் பத்து ஆண்டுகளாகப் பேசாத பங்காளிகள் ஒரே திருப்பலியில் முன்னும் பின்னுமாக நிற்கிறோம். நம் பிள்ளைகளிடம் "அந்த வீட்டுப் பையனோடு சேராதே" என்கிறோம். அவர்களுக்கு அந்தப் பகை என்னவென்றே தெரியாது, நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

இந்த வாரம் அந்தத் தடையை எடுத்துவிடுவோம். பிள்ளைகள் சேர்ந்து விளையாடட்டும். நாமும் போய் ஓரமாக நிற்போம். எதிரில் நிற்பவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். நம் பக்கத்தாரே நம்மை ஏசலாம். சமாதானம் செய்ய வந்த ஆண்டவருக்கே சிலுவைதான் கிடைத்தது.

சென் ஜோன்ஸ் கல்லூரியின் விருதுவாக்கு, இருளால் வெல்ல முடியாத ஒளியைப் பற்றி யோவான் நற்செய்தி சொல்வதிலிருந்து எடுத்தது. அதிபர் போய்விட்டார், வடக்கின் போர் இன்றும் மட்டையும் பந்துமாக நடக்கிறது. அந்த ஒளியில் நடக்க இறைவன் நமக்கு வரம் தருவாராக. ஆமென்.